பகலில் உறங்க ஓர் அறை



குளிர்சாதனம் வாங்கக் கடைக்குச் செல்கின்றவர்கள், "ஒரு டன் போதுமா, ஒன்றரை டன் வேண்டுமா?" என்று வினவுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த யந்திரத்தைத் தராசில் ஏற்றினால் ஐம்பது கிலோ நிற்பதே அரிது. அப்படியிருக்க, டன் என்னும் சொல் அங்கே எவ்வாறு நுழைந்தது? விடை தேட நாம் தொலைதூரம் போக வேண்டுவதில்லை. சென்னைக் கடற்கரைச் சாலையில், திருவல்லிக்கேணிக்கு அருகே, விவேகானந்தர் இல்லம் என்னும் வட்ட வடிவக் கட்டடத்தைக் கண்டிருப்பீர்கள். சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டில் தங்கிச் சென்ற இடம் அது. அதற்கு முன்னர் அதன் பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்க வணிகர் பிரெடரிக் டியூடர் என்பார், குளிர்காலத்தில் தம் நாட்டு ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி இங்கே கொணர்ந்து விற்றார். அதைச் சேமித்து வைக்க 1842இல் எழுந்த கிடங்கே இக்கட்டடம்.

பனிக்கட்டியால் குளிர்ச்சி பெற்ற அந்நாளில் குளிர்ச்சியின் அளவையும் பனிக்கட்டியே ஆயிற்று. ஓர் அமெரிக்க டன், அதாவது ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி, இருபத்து நான்கு மணி நேரத்தில் உருகும்பொழுது எவ்வளவு வெப்பத்தை விழுங்குமோ, அதுவே ஒரு டன் குளிர்ச்சி. கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வேண்டும். அதனை 907ஆல் பெருக்கி, ஒரு நாளின் 86,400 நொடிகளால் வகுத்தால், ஏறத்தாழ 3.5 கிலோவாட் வரும். ஒரு டன் குளிர்சாதனம் என்றால், ஒவ்வொரு நொடியும் 3,500 ஜூல் வெப்பத்தை அறையினின்று வாரி வெளியே கொட்டும் யந்திரம் என்று பொருள். இந்த ஓர் எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டால் இன்று நாம் பேச வந்த பொருள் எளிதாகிவிடும்.

பொருள் சற்று விந்தையானது. குதிரைகளை ஏற்றிச் செல்லும் வண்டியில், குதிரைகளோடு செல்லும் மனிதர் தங்குவதற்கென அமைக்கும் சிற்றறையைக் குறைந்த செலவில் குளிர்விப்பது எப்படி என்பதுதான் அது. அமெரிக்காவில் இத்தகைய ட்ரெய்லர்கள் மிகுதி. முன்பாதியில் மனிதருக்கு அறை, பின்பாதியில் குதிரைகளுக்கு இடம். நம் நாட்டில் அவ்வசதி அரிது. ஆனால் குதிரைப் பயணம் நமக்குப் புதிதன்று. கிண்டியில் 1777ஆம் ஆண்டிலேயே குதிரைப் பந்தயம் நடந்ததாகச் சொல்வார்கள். 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் அரசு அந்த நிலத்தை மீட்டுக்கொள்ளும் வரையில், நம் தென்புறநகர் மக்களுக்குக் குதிரை லாயம் என்றால் கிண்டிதான். அந்நாளில் கோடை பிறந்ததும் அங்கிருந்து குதிரைகள் லாரிகளில் உதகமண்டலத்துக்குப் பயணப்பட்டன. ஏறத்தாழ 550 கிலோமீட்டர் தொலைவு, இறுதியில் மலைப்பாதை. குதிரைகளுடன் அவற்றைப் பேணும் சயீஸ்களும் அதே வண்டியில் வைக்கோலுக்கும் தண்ணீர்ப் பீப்பாய்க்கும் நடுவே சென்றார்கள்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்பொழுது குதிரைகளை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்லும் தொழிலில் இருக்கின்றார். லாரிக்குப் புதிதாகப் பாடி கட்டும்பொழுது ஓட்டுநருக்கும் சயீசுக்கும் ஒரு சிற்றறை வைக்கப் போவதாகவும், அதற்கு எந்த ஏ.சி. வாங்கலாம் என்றும் தாம்பரத்தில் என் வீட்டுக்கு வந்து கேட்டார். "ஐயா, கடைக்காரர் ஒன்றரை டன் போடச் சொல்கிறார், அதற்கொரு ஜெனரேட்டரும் வேண்டுமாம்" என்றார். நான் ஏ.சி. பற்றிப் பேசவில்லை, "நீங்கள் எப்பொழுது உறங்குகின்றீர்கள்?" என்று கேட்டேன். "பகலில்தான் ஐயா" என்றார்.

இதுதான் இச்சிக்கலின் உயிர்நிலை. வெயிலில் குதிரையை ஏற்றிச் செல்லலாகாது. ஆதலால் வண்டி இரவில் ஓடும். இரவெல்லாம் விழித்தவர் மறுநாள் பகலில், ஓரிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உறங்க வேண்டும். இரும்புத் தகடு எளிதில் சூடேறும், எளிதில் ஆறும். இரவில் அந்தப் பெட்டி யாருக்கும் துன்பம் தராது. அது அடுப்பாகும் நேரமே இவர்கள் கண்ணுறங்க வேண்டிய நேரமாகவும் அமைந்துவிடுகின்றது. உறக்கமில்லாத ஓட்டுநர் அன்றிரவு மேட்டுப்பாளையம் கடந்து கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைத் திருப்ப வேண்டும். மோட்டார்த் தொழிலாளர் பற்றிய 1961ஆம் ஆண்டுச் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று வரம்பு கட்டியது. ஓய்வு நேரத்தில் அவர் எங்கே படுப்பார் என்பதற்குச் சட்டம் பொறுப்பேற்க இயலாதன்றோ! பெரிய சரக்கு வண்டிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்வசதி கட்டாயம் என்னும் விதி 2025இல் நடைமுறைக்கு வந்தது, நல்ல விதி. ஆயினும் அக்குளிர்வசதி எஞ்சின் ஓடும்பொழுது மட்டுமே இயங்குவது. நிறுத்திய வண்டியில் உறங்குகின்றவருக்கு அதனால் பயன் சிறிது.

மாணவர்களுள் சிலர், "மனிதருக்கு ஏ.சி. என்றால் குதிரைக்கு வேண்டாமா?" என்று கேட்கக் கூடும். நியாயமான வினா. சும்மா நிற்கும் குதிரையே ஆறேழு மனிதர் வெளியிடும் வெப்பத்தை வெளியிடுகின்றது. இரண்டு குதிரைகளின் உடல் வெப்பத்தை மட்டும் நீக்கவே ஏறத்தாழ அரை டன் குளிர்ச்சி செலவாகும். அத்துடன் மூச்சிலிருந்து ஈரம், சிறுநீரிலிருந்து அம்மோனியா, வைக்கோலிலிருந்து தூசி. இவற்றையெல்லாம் உள்ளேயே அடைத்துக் குளிரூட்டினால் குதிரையின் நுரையீரலுக்கே கேடு. குதிரைக்கு வேண்டுவது ஓடும் காற்று. மனிதனைப் போலவே அதுவும் உடலெங்கும் வியர்ப்பது. வியர்வை உலரக் காற்றோட்டம் போதும். எதிரெதிர்ச் சாளரங்கள், கூரையில் காற்றுவாய், இரவுப் பயணம், நிறுத்துமிடத்தில் நிழலும் தண்ணீரும் ஆகிய இவையே அதற்குக் குளிர்சாதனம். மனிதர் அறைக்கும் குதிரைப் பகுதிக்கும் இடையேயுள்ள சுவர் மட்டும் இடுக்கின்றி அடைபட்டிருக்க வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். அறை 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் என்று கொள்வோம். கூரையின் பரப்பு 6 சதுர மீட்டர். நான்கு சுவர்களும் சேர்ந்து 20 சதுர மீட்டர். நடுப்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரையின் மீது ஏறத்தாழ 1,000 வாட் வெயில் பொழிகின்றது. கருமையான தகடு அதில் பெரும்பகுதியை விழுங்கி 60 பாகைக்கு மேலும் சூடேறும். சென்னை 2003ஆம் ஆண்டு மே மாத இறுதியில் 45 பாகையையும் கண்ட நகரம். நாம் நடுத்தரமாக, வெளியே 38 பாகை, உள்ளே 27 பாகை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

வெற்றுத் தகட்டின் வழியே, ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒரு பாகை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 5 வாட் வெப்பம் உட்புகும். வெயிலைச் சேர்த்துப் பார்த்தால் கூரைக்கும் உட்காற்றுக்கும் இடையே வேறுபாடு 35 பாகை எனலாம். 6ஐ 5ஆலும் 35ஆலும் பெருக்க, 1,050 வாட். சுவர்களுக்கு வேறுபாடு சராசரி 15 பாகை. 20ஐ 5ஆலும் 15ஆலும் பெருக்க, 1,500 வாட். மனிதர் இருவர், ஆளுக்கு 120 வாட் வீதம் 240. கதவு இடுக்கு, சாளர இடுக்கு வழியே நுழையும் வெங்காற்றுக்கு 400 என்போம். கூட்டினால் 3,190 வாட். அதாவது ஒரு டன்னுக்குச் சிறிது குறைவு. கடைக்காரர் ஒன்றரை டன் என்று சொன்னதன் காரணம் இப்பொழுது விளங்கும். வெற்றுத் தகட்டுக்கு அவர் சொன்னது முற்றிலும் பிழையன்று.

ஆனால் இந்த 3,190 வாட்டில் மனிதரால் வந்தது 240தான் என்பதைக் கவனியுங்கள். மற்றவை யாவும் தகட்டின் பிழை. அந்தப் பிழையை நீக்கச் செலவிடும் பணமே சிறந்த முதலீடு. கூரைக்கு வெண்பூச்சு அடித்துவிட்டால் வேறுபாடு 35இலிருந்து ஏறத்தாழ 20 பாகையாகக் குறையும். வெண்சுவர்களுக்கு 13 என்போம். உட்புறம் 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள பஃப் எனப்படும் நுரைப்பலகையைப் பொருத்தினால் 5 வாட் என்றது 1 வாட்டுக்கும் கீழிறங்கும். இரும்புச் சட்டங்கள் வழியாகக் கொஞ்சம் வெப்பம் கசிவதால் நாம் 1.2 என்று தாராளமாகவே கொள்வோம். இப்பொழுது கூரை 144 வாட், சுவர் 312 வாட், மனிதர் 240, இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டியபின் காற்றுக்கு 200. ஆகக் கூடுதல் 896 வாட். கால் டன்!

இக்கணக்கை அம்மாணவரின் முன்னே ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் போட்டுக் காட்டினேன். அவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். வகுப்பில் அவர் அவ்வாறு சரிபார்த்ததாக எனக்கு நினைவில்லை!

நம் முன்னோர் இக்கணக்கைத் தாளில் போடாமலே அறிந்திருந்தனர். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் இணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, தட்டோடு பதிப்பார்கள். அத்தடிமனைத் தாண்டி வெயில் கீழிறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இன்றோ சேலையூர், குரோம்பேட்டை, பம்மல், முடிச்சூர் என்று நம் பகுதி எங்கும் மொட்டைமாடியில் தகரக் கூரை வேய்ந்து ஓர் அறை எழுப்பி வாடகைக்கு விடுகின்றனர். வெளியூரிலிருந்து வந்து இங்குக் கல்லூரியில் பயிலும் மாணவர் பலர் அவ்வறைகளில்தான் தங்குகின்றீர்கள். பத்தடிக்குப் பத்தடித் தகரக் கூரையின் பரப்பு ஏறத்தாழ 9.3 சதுர மீட்டர். மேற்சொன்ன முறைப்படி அக்கூரை ஒன்றின் வழியாக மட்டும் 1,600 வாட்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ அரை டன் வெப்பம் இறங்கும். வீட்டுக்காரரிடம் ஏ.சி. கேட்பதற்கு முன் ஒரு வாளி வெண்பூச்சும், தெர்மோகோல் பலகை வைத்த ஒரு பொய்க்கூரையும் கேளுங்கள். அவர் இணங்க வாய்ப்பும் மிகுதி. தெர்மோகோல் தீப்பற்றுவதாகலின், மின்கம்பிகளை அதனோடு உரச விடாமல் குழாய்க்குள் இட்டுச் செலுத்துவது இன்றியமையாதது.

அடுத்து, எந்த யந்திரம்? மலிவு என்று கருதிப் பலரும் முதலில் நோக்குவது தண்ணீர் கொட்டி இயங்கும் ஏர்கூலர். வேலூரிலும் மதுரையிலும் வறண்ட நாளில் அது நன்கு உழைக்கும். நம் பகுதியில் கதை வேறு. வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றினால் அது காட்டும் பாகையை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பர். ஏர்கூலரால் அதற்குக் கீழே போக இயலாது. காற்று 38 பாகையும் ஈரப்பதம் 45 விழுக்காடும் உள்ள மே மாத நண்பகலில் ஈரக்குமிழ் ஏறத்தாழ 28 பாகை. ஆதலால் ஒரு நல்ல கூலர் 30 பாகைக் காற்றைத் தரும். பிற்பகலில் கடற்காற்று புகுந்து, காற்று 33 பாகையும் ஈரப்பதம் 70 விழுக்காடும் ஆனபொழுது ஈரக்குமிழ் அதே 28தான். கூலர் 29 பாகை தரும்; ஆனால் அந்தக் காற்று பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஈரமாக இருக்கும். மூடிய சிற்றறையில் வியர்வை உலராது, படுக்கை நசநசக்கும். பனிக்கட்டி போட்டு விசிறியால் ஊதும் பெட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. ஐஸ் ஹவுஸ் கணக்கை நினைவுகூருங்கள். 20 கிலோ பனிக்கட்டி முழுதும் உருகி விழுங்குவது 1.9 கிலோவாட் மணிக்குச் சற்றுக் குறைவு. ஒரு டன் யந்திரம் அரை மணி நேரத்தில் செய்யும் வேலை அது.

ஆக, உண்மையான குளிர்சாதனமே வேண்டும். அதிலும், "பெரிதாக வாங்கினால் நல்லதுதானே" என்னும் எண்ணம் தவறு. 1902ஆம் ஆண்டில் வில்லிஸ் காரியர் என்னும் இளம் பொறியாளர் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்காகத் தம் யந்திரத்தை வகுத்தார். அங்குள்ளோர் குளிர்ச்சியை வேண்டவில்லை. ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி வண்ண அச்சு இடம் பெயர்ந்ததே அவர்கள் குறை. காற்றின் ஈரத்தை வடிக்கவே அது பிறந்தது. ஈரம் வடிய யந்திரம் இடையறாது ஓட வேண்டும். கால் டன் போதுமான அறையில் ஒன்றரை டன் யந்திரத்தை வைத்தால், அது சில நிமிடங்களில் அறையைச் சில்லிடச் செய்துவிட்டு நின்றுவிடும். ஈரம் அப்படியே தங்கும். கடலோரத்தில் வாழும் நமக்கு இது பெருங்குறை. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சிறிய அளவு முக்கால் டன். கதவு திறந்து மூடுவதற்கும், வெயிலில் காய்ந்த அறையை முதலில் குளிர்விப்பதற்கும் வேண்டிய மிச்சம் அதிலேயே உண்டு. வேகத்தைக் குறைத்து ஓடவல்ல இன்வெர்ட்டர் வகையாயின் மிக நன்று.

ஜன்னல் வகையா, ஸ்பிளிட் வகையா என்பதில் வீட்டுக்கும் வண்டிக்கும் விடை மாறுபடும். வீட்டுக்கு ஸ்பிளிட் அமைதியானது. வண்டியிலோ, இரு பெட்டிகளை இணைக்கும் செப்புக்குழாய் சாலைக் குலுக்கலில் தளர்ந்து வாயு கசியும். ஜன்னல் வகையில் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் அடங்கியிருப்பதால் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்த்தி இறுக்கிவிடலாம். அதன் பின்புறம் வெங்காற்றைத் தள்ளுவது. அது குதிரைப் பகுதியை நோக்கி இருத்தலாகாது. நம் ரயில் பெட்டிகளைப் போலக் கூரைமேல் அமர்த்தும் வகையும் உண்டு. பெரம்பூர் தொழிற்சாலையில் கட்டும் குளிர்சாதனப் பெட்டிகளின் கூரையில் அத்தகைய யந்திரங்களே உள்ளன. சிறு வண்டிக்கேற்ற கூரை யந்திரம் நம் ஊரில் விலை மிகுதி. பழுது பார்ப்போரும் சிலரே. சக்கரம் பூட்டி அறைக்குள் உருட்டும் வகையை வாங்காதிருப்பது நலம். ஒற்றைக் குழாய் உள்ளது அறைக்காற்றையே உறிஞ்சி வெளியே தள்ளுகின்றது. அந்த இடத்தை நிரப்ப எல்லா இடுக்குகள் வழியாகவும் வெங்காற்று உள்ளே வருகின்றது. ஒரு கையால் இறைத்து மறு கையால் ஊற்றுவதற்கு நிகர்.

விண்மீன் குறிகளைப் பற்றியும் ஒரு சொல். ஐந்து விண்மீன் யந்திரம் மூன்று விண்மீன் யந்திரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சப்படுத்தலாம்; விலையோ ஆயிரக்கணக்கில் கூடும். ஆண்டில் நாற்பது நாள் மட்டும் இயங்கும் வண்டியறைக்கு அது தகாது. நாளொன்றுக்கு 1.6 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுச் செலவே ஐந்நூறு ரூபாய் அளவுதான்; மிச்சம் நூறு ரூபாய். ஆண்டில் ஆறு மாதம் இரவு முழுதும் ஓடும் வீட்டு யந்திரத்துக்கு ஐந்து விண்மீனே தக்கது. குறி எந்த ஆண்டின் அளவுகோலின்படி இடப்பட்டது என்பதையும் பாருங்கள். அளவுகோல் அவ்வப்பொழுது கடுமையாக்கப்படுவதால், பழைய ஐந்து புதிய நான்காக இருத்தல் கூடும்.

அந்த 1.6 யூனிட் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்க வேண்டும். 896 வாட் வெப்பத்தை வெளியேற்ற, இன்றைய யந்திரம் அதில் ஏறத்தாழ மூன்றரையில் ஒரு பங்கு மின்சாரம் கொள்ளும். அதாவது 260 வாட். ஆறு மணி நேர உறக்கத்துக்கு 1.6 யூனிட். வெற்றுத் தகட்டு அறையிலோ ஒரு டன் யந்திரம் ஓயாது ஓடி ஏறத்தாழ 6 யூனிட் தின்னும். இவ்வேறுபாடு வெறும் பண வேறுபாடன்று. 6 யூனிட்டை ஒரு பகலில் தர ஜெனரேட்டர் வேண்டும். 1.6 யூனிட்டை, 12 வோல்ட்டில் 200 ஆம்பியர் மணி கொள்ளும் ஒரு லித்தியம் பேட்டரியே தந்துவிடும். இரவில் வண்டி ஓடும்பொழுது எஞ்சினிலிருந்தே அதனைத் தக்க கருவி வழியாக நிரப்பிக்கொள்ளலாம். சாதாரண ஈயப் பேட்டரியாயின் பாதிக்கு மேல் வடிக்கலாகாது. 150 ஆம்பியர் மணி உள்ளவை இரண்டு தேவைப்படும். உள்ளே சிறு விசிறி ஒன்றைச் சுழலவிட்டு, ஏ.சி.யை 27 பாகையில் வைத்தால் போதும். ஒவ்வொரு பாகை ஏற்றுவதிலும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் ஆற்றல் சிக்கனத் துறை சொல்லும் கணக்கு.

ஜெனரேட்டரைத் தவிர்ப்பதில் நான் இத்துணை அழுத்தம் காட்டுவதற்குக் காரணம் உண்டு. 2024ஆம் ஆண்டு டிசம்பரில், கேரளத்தில் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த தங்கும் வசதி கொண்ட வண்டி ஒன்றில் இருவர் இறந்து கிடந்தனர். குளிர்சாதனத்துக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு, வண்டியின் அடித்தளத்திலிருந்த ஒரு துளை வழியாக உள்ளே புகுந்ததே காரணம் என்று வல்லுநர்களின் ஆய்வில் தெரியவந்தது. இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாக இதனைப் பற்றிக்கொள்ளும். உறங்குகின்றவர் மூச்சுத் திணறி விழித்தெழுவார் என்று எண்ண வேண்டா, உறக்கமே ஆழ்ந்துவிடும். அயர்ந்து வந்து, கதவடைத்து, இடுக்கடைத்துப் படுக்கும் சயீசும் ஓட்டுநரும் இதற்கு எளிய இரை. நாம் ரப்பர் பட்டை ஒட்டி இடுக்கை அடைக்கச் சொன்னோம் அல்லவா? அதனால்தான், அறையினடியிலோ அறையை ஒட்டியோ எந்த எஞ்சினும் ஓடுதல் கூடாது. வேறு வழியின்றி ஜெனரேட்டர் வைத்தே ஆக வேண்டுமெனில், வண்டியினின்று இறக்கி, பல மீட்டர் அப்பால், காற்று வீசிச் செல்லும் பக்கத்தில் வைத்துக் கம்பி இழுக்க வேண்டும். தாம்பரத்தில் மின்சாரம் போகும் இரவுகளில் பால்கனியில் ஜெனரேட்டர் வைக்கும் வீட்டாருக்கும் இது பொருந்தும்.

இரும்புப் பெட்டிக்குள் வீட்டு மின்சாரத்தைக் கொண்டு செல்வதால் இன்னொன்றும் தேவை. கசிவு நேர்ந்தால் பெட்டி முழுவதுமே மின்னேறிவிடும்; தரையில் நின்றுகொண்டு கதவின் கைப்பிடியைத் தொடுகின்றவர்க்கே அதிர்ச்சி. மனிதனைவிடக் குதிரை மின்னதிர்ச்சிக்கு எளிதில் வீழும்; லாடம் அடித்த கால்கள் நனைந்த தரையில் நிற்கின்றன. ஆதலின் பெட்டிக்கு எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியும் வேண்டும். பேட்டரியிலிருந்து வந்தாலும், வழியில் ஏதேனும் விடுதியில் கம்பி இழுத்துச் செருகினாலும் இரண்டும் இருக்கட்டும்.

என் மாணவர் இப்பொழுது நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறையில் பஃப் பலகைக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கின்றார். வெண்பூச்சுக்கு ஒப்புக்கொண்டார், முக்கால் டன் ஜன்னல் ஏ.சி.யும் பேட்டரியும் என்று முடிவாயிற்று. வைக்கோல் தூசியும் குதிரை முடியும் வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும் என்பதால், வீட்டில் மாதம் ஒருமுறை கழுவுவதை வண்டியில் வாரம் ஒருமுறை கழுவச் சொன்னேன். கார்பன் மோனாக்சைடு தோன்றினால் ஒலியெழுப்பும் சிறு கருவி ஒன்றையும் வாங்கச் சொல்லியிருக்கின்றேன். ஜெனரேட்டரே இல்லாதபொழுது அது எதற்கு என்று கேட்டார். சாலையோர நிறுத்தங்களில் பக்கத்து வண்டியின் எஞ்சின் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் என்றேன். அக்கருவியைக் கூரையில் மாட்டாமல், படுக்கும்பொழுது தலை இருக்கும் உயரத்தில் சுவரில் பொருத்த வேண்டும். மாதந்தோறும் அதன் பொத்தானை அழுத்தி ஒலிக்கின்றதா என்று பார்க்க வேண்டும்.